ஒன்றாம் வகுப்பில் ஒரு பட்டாணி

ஆரணியில் ஒரு மிஷன் தொடக்கப் பள்ளிக்கு ஜெபராணி வேலைக்கு வந்தது எழுபத்திரண்டாம் வருஷம். சொந்த ஊர் கண்ணமங்கலம் பக்கம். அப்பா மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிர் வைக்கிறவர். வேலூரில் ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒன்றாம் வகுப்பைத் தலையில் கட்டினார்கள். அதை யாரும் விரும்பி எடுப்பதில்லை. அழுகிற பிள்ளை, தூங்குகிற பிள்ளை, வீட்டுக்கு ஓடப் பார்க்கிற பிள்ளை என்று அந்த வகுப்பு அப்படித்தான் இருக்கும். ஜெபராணி மட்டும் அதிலேயே நிலைத்துவிட்டாள்.

அவள் வகுப்பில் பிள்ளைகள் பலகையில் எழுதுவதற்கு முன்னால் ஏரிக் களிமண்ணை உருட்டி 'அ' செய்தார்கள். தறி வீட்டுப் பிள்ளைகள் கழிவுப் பட்டு நூலைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதைப் பிரித்து அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம் என்று தனித்தனியாகச் சுற்றிவைப்பார்கள். ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் கொட்டாங்குச்சியைத் தொங்கவிட்டு, எது கனம் எது லேசு என்று நிறுத்துப் பார்ப்பார்கள். சத்தம் தெருமுனைவரை கேட்கும்.

தலைமை ஆசிரியர் யோவான் ஐயாவுக்குச் சத்தம் ஆகாது. சன்னல் பக்கம் வந்து நிற்பார்.

"ஏம்மா ஜெபராணி, இது ஸ்கூலா, சந்தையா?"

"படிச்சிகினுதான் இருக்காங்க ஐயா."

"படிக்கிற மாதிரி தெரியலையே."

இதற்கு மேல் அவர் எதுவும் சொல்லமாட்டார். ஆனால் அவர் செருப்புச் சத்தம் தள்ளிப் போகும்வரை ஜெபராணி பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக்கொண்டே நிற்பாள்.

எழுபத்தேழாம் வருஷம் ஆடி மாதம், விதை முளைப்பதைக் காட்ட நினைத்தாள். ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில் மண் போட்டு, ஊறவைத்த பட்டாணியை நட்டார்கள். "ஈரமும் வேணும், கதகதப்பும் வேணும். அப்பதான் விதை முளைக்கும்" என்று சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் அதையே பாட்டாகப் பாடினார்கள்.

அந்த வகுப்பில் ரேணுகாம்பாள் என்று ஒரு பெண். நெசவாளி பழனியின் மகள். அதிகம் பேசமாட்டாள்; பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும். பட்டாணி நட்ட இரண்டு நாள் கழித்து அவள் வாயைத் திறந்தபடி மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்க மூக்கு வீங்கி, ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஜலதோஷமா பாப்பா?"

ரேணுகாம்பாள் இல்லையென்று தலையாட்டினாள். மூக்கைத் தொட்டுக் காட்டி, "உள்ள பட்டாணி வெச்சிருக்கேன் டீச்சர்" என்றாள்.

"இன்னாது?"

"மூக்குல ஈரமும் இருக்குது, கதகதப்பும் இருக்குது. முளைக்குமான்னு பாக்கறேன்."

மறுநொடி ஜெபராணி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழனி வீட்டுக்கு ஓடினாள். பழனி சாயம் போட்ட நூல் வாங்க வெளியே போயிருந்தார். அம்மா ஜெயம் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"படிக்க அனுப்பிச்சா மூக்குல பட்டாணி உட்டு அனுப்புறீங்களே டீச்சர்! எழுத்து சொல்லிக்குடுத்தா போதாதா? ஊர்ல இல்லாத வேலையெல்லாம் உங்களுக்கு இன்னாத்துக்குங்க?"

ஜெபராணி பிள்ளையை இறக்காமலே, "டாக்டர்கிட்ட போலாம், வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

கடைத்தெரு டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கருவியைக் கிட்டே கொண்டுபோனதும் பிள்ளை திமிறிக் கத்தியது. அவர் கையை எடுத்துக்கொண்டார். "ஊறிப் பெருத்துகினு இருக்குது. நான் நோண்டி உள்ள தள்ளிட்டா மூச்சுக்குழாய்க்குப் போயிடும். வேலூருக்குக் கொண்டுபோயிடுங்க. வழியில வாயாலயே மூச்சு உடச் சொல்லுங்க. ஜல்தி கெளம்புங்க."

வேலூர் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நடுவில் ரேணுகாம்பாள், சன்னலோரம் ஜெயம். ஜெபராணி பிள்ளையின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஜெபத்தை முணுமுணுத்தது. ஆனால் ஒவ்வொரு வரியும் பாதியிலேயே நின்று, 'இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால்' என்பதிலேயே போய் முட்டியது. எல்லோரையும் போலக் கரும்பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்லியிருந்தால் இந்த வினை வந்திருக்குமா?

கண்ணமங்கலத்தில் பஸ் நின்றது. யாரோ ஒருவர் சீட்டுக்கடியில் வைத்திருந்த மிளகாய் மூட்டையை இழுத்தார். மூட்டை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. காய்ந்த மிளகாய் பஸ்ஸுக்குள் கொட்ட, நெடி கிளம்பியது. கண்டக்டர் இருமினார். பின் சீட்டுக்காரர்கள் தும்மினார்கள். "யோவ், மூட்டையை வெளிய தள்ளுய்யா! பேஜாரா போச்சு!" என்று டிரைவர் கத்தினார்.

ரேணுகாம்பாள் ஒரு தும்மல் போட்டாள். பிறகு ஒன்று. மூன்றாவது தும்மலில் அவள் உடம்பே குலுங்கியது. ஏதோ ஒன்று ஜெபராணியின் மடியில் வந்து விழுந்தது.

பட்டாணிதான். தோல் வெடித்து, பெருத்து, சளி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளையாக, ஊசிமுனை அளவுக்கு, ஒரு முளை.

ரேணுகாம்பாள் கண்ணில் நீர் வழிய எட்டிப் பார்த்தாள். "டீச்சர், முளைச்சிடுச்சு!"

ஜெயத்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஜெபராணி பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மிளகாய் நெடியில் பஸ்ஸே அழுதுகொண்டிருந்ததால் இவர்கள் அழுததை யாரும் கவனிக்கவில்லை.

அங்கேயே இறங்கித் திரும்பலாம் என்றாள் ஜெயம். ஜெபராணி ஒத்துக்கொள்ளவில்லை. வேலூர் டாக்டர் மூக்கின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லை, சுத்தமா இருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்று சொன்ன பிறகுதான் அவள் மூச்சு சீரானது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி வாசல் ஓட்டலில் மூன்று பேரும் இட்லி சாப்பிட்டார்கள். ஜெயம் தன் தட்டிலிருந்த வடையை எடுத்து ஜெபராணி தட்டில் வைத்தாள்.

மறுநாள் ஜெபராணி களிமண், நூல், தராசு எல்லாவற்றையும் மூட்டை கட்டி அலமாரிக்கு மேல் ஏற்றினாள். கொட்டாங்குச்சிச் செடிகளைக் கிணற்றோரம் வைத்தாள். வகுப்பில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று சேர்ந்து சொன்னார்கள். யோவான் ஐயா சன்னல் பக்கம் வந்து நின்றார், போய்விட்டார். இப்படியே சில வாரம் ஓடியது. பயம் போகவில்லை. பொத்தான் போட்ட சட்டையைப் பார்த்தாலே, இதையும் பிய்த்து மூக்கில் வைத்துவிடுமோ என்று அவளுக்குப் பகீர் என்றது.

ஒரு நாள் சாயங்காலம் ஜெயம் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். யோவான் ஐயாவும் அங்கேதான் இருந்தார்.

"டீச்சர், பாப்பா ஸ்கூலுக்கு வரமாட்டேன்னு அழுவுதுங்க. கேட்டா, 'என்னாலதான் டீச்சர் எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டாங்க, எல்லாரும் என்னைத் திட்டுறாங்க'ன்னு சொல்லுது. நான் அன்னிக்கிக் கோவத்துல ஏதோ பேசிட்டேன். அதை மனசுல வெச்சிகினு இருக்கீங்களா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லைங்க. எனக்கே பயமா இருக்குது."

ஜெபராணி யோவான் ஐயாவைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இத்தோடு விட்டுவிடு என்றுதான் சொல்வார் என்று நினைத்தாள்.

"எனக்கும் அந்த ரூம் அமைதியா இருக்கிறது பிடிக்கலம்மா" என்றார் அவர். "பிள்ளைங்க அங்க இருக்குதா இல்லையான்னே தெரியலை. நீ மறுபடி செய். மூக்குலயும் காதுலயும் நுழையாத சாமானா எடுத்துக்க. அவ்வளவுதான்."

நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கிவைத்தது போல இருந்தது ஜெபராணிக்கு. சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

அடுத்த வாரமே மூட்டை கீழே இறங்கியது. எண்ணிப் பழகக் காய்ந்த மாங்கொட்டை வந்தது. அதை எந்த மூக்கிலும் திணிக்க முடியாது. ஊரெல்லாம் அவளை மாங்கொட்டை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரோடு பத்து வருஷம் அங்கே வேலை பார்த்தாள். இடையில் கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பிறந்தன.

எண்பத்தேழில் போளூர்ப் பக்கம் அதே மிஷனின் இன்னொரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகப் போகச் சொன்னார்கள். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது பள்ளிக்கூடம் நிசப்தமாக இருந்தது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தார்கள். இளம் டீச்சர் கமலம் பிரம்பை மேசைக்குக் கீழே மறைத்தாள்.

ஜெபராணி ஒன்றாம் வகுப்பை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். கொடிக்கம்பத்தின் நிழலைப் பாதத்தால் அளக்கச் சொன்னாள். ஒருவன் எட்டு என்றான், இன்னொருத்தி பத்து என்றாள். யார் சொன்னது சரி என்று சண்டை வந்தது. காலோடு கால் வைத்துப் பார்த்து, உன் கால் பெரிசு, என் கால் சின்னது என்று அவர்களே கண்டுபிடித்துக் கூவினார்கள்.

சத்தம் கேட்டுக் கமலம் வாசலுக்கு வந்தாள். பிள்ளைகள் காலோடு கால் வைத்து அளப்பதை எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "எல்லாரும் வெளிய வாங்க" என்று தன் வகுப்பையும் கூப்பிட்டாள்.