கால்மாட்டில் இரண்டு மடிப்பு

நாங்கள் வேலை பார்க்கும் விடுதியில் எல்லோரும் அவரைக் கஞ்சி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கஞ்சி போட்டுத் தேய்த்தது போல அவர் விரித்த படுக்கை அப்படி விறைப்பாக இருக்கும். மற்றவர்கள் கால்மாட்டில் விரிப்பை ஒரு மடிப்பு மடித்து மெத்தைக்கு அடியில் செருகுவார்கள். அக்கா இரண்டு மடிப்பாக மடிப்பார். எப்படிப் புரண்டு படுத்தாலும் கலையாது. இருபத்திரண்டு வருடம் அறைகளைச் சுத்தம் செய்து, சூப்பர்வைசர் ஆனவர். நான் கீழே சலவை அறையில் இருக்கிறேன்.

கணவர் இல்லாமல் வளர்த்த ஒரே மகளையும் அக்கா அங்கேயே வேலைக்குச் சேர்த்தார். ஆறு மாதம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள், தங்க வந்த பெண்மணி ஒருத்தியின் மோதிரத்தைக் காணவில்லை. அந்த அறையைச் சுத்தம் செய்தவள் மகள். பெற்ற பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்று, அக்கா எல்லோர் முன்னாலும் அவள் பையை மேசையில் கவிழ்த்தார். சீப்பு, டிபன் டப்பா, நாப்கின் விழுந்தன. மோதிரம் இல்லை. மகள் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். வீட்டுக்கும் போகவில்லை.

மூன்றாம் நாள் மோதிரம் கிடைத்தது. குளியலறையில் தண்ணீர் போகும் சல்லடைக்குள் கிடந்தது. அதைச் சொல்லலாம் என்றால் அவள் இல்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டிருந்தாள்.

நான்கு வருடம் போனது. வரவேற்பு மேசைப் பெண் புருஷனோடு ஒரு தீவுக்குச் சுற்றுலா போய் வந்து, அங்கே ஒரு சின்ன விடுதியில் அக்காவின் மகள் அறை சுத்தம் செய்வதைப் பார்த்ததாகச் சொன்னாள். அக்கா அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தார். ஊர் சுற்றப் போவதாகச் சொல்லி அவர் லீவு கேட்டது அதுதான் முதல் தடவை. துணைக்கு என்னை அழைத்தார். அறையையும் என் பேரில்தான் எடுத்தோம்.

“கீழ விசாரிச்சா தெரிஞ்சுக்கிட்டு ஒளிஞ்சுப்பா. அவளா கதவைத் தட்டட்டும். வேலைன்னு வந்துட்டா பாதியில விட்டுட்டுப் போக மாட்டா. என் வளர்ப்பு அது. மோதிரம் கிடைச்சதை அவ முகத்தைப் பார்த்துச் சொல்லணும். அது போதும் எனக்கு” என்றார்.

படகில் ஒன்றரை மணி நேரம். தீவில் ஒரே ஒரு தெரு, அதிலும் சைக்கிள்தான். சத்தம் என்றால் தென்னை ஓலையும் அலையும். மாலையில் கடலோரம் உட்கார்ந்தோம். தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் காலை நனைத்தேன்.

“ஈரக் காலோட வராதே. மணலெல்லாம் ரூமுக்குள்ள வரும்” என்றார் அக்கா.

“லீவுக்கு வந்திருக்கோம்க்கா.”

“கூட்டப்போறது யாரு? அவதானே?”

காலைத் துடைத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் விடிந்ததும் அக்கா எழுந்துவிட்டார். நான் பல் தேய்த்து வருவதற்குள் படுக்கை விரித்தாகிவிட்டது. தரையும் துடைத்தாகிவிட்டது. “அவ வந்து நம்ம அழுக்கை அள்ளணுமாக்கும்?” என்றார். குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது மணிக்கு அவர் கண் குப்பைக்கூடையில் விழுந்தது. அதில் இரண்டு பழத்தோல்தான் கிடந்தது.

“இதை மட்டும் கொட்டிட்டு வந்துடறேன்.”

“இருங்கக்கா, நான் போறேன்.”

“நீ கழுவாம கொண்டு வருவே.”

அவர் பின்படியில் இறங்கியதும் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். தள்ளுவண்டியோடு மகள் நின்றாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கண் விரிந்தது.

“சித்தி! நீங்களா?” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவள் கட்டிலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கால்மாட்டுக்குப் போய் அந்த மடிப்பில் கை வைத்தாள்.

“அம்மா எங்க?”

“குப்பை கொட்டப் போயிருக்காங்க. இதோ வந்துடுவாங்க, இரும்மா.”

“இங்க வந்துமா?” என்றாள். “பெருக்கித் துடைச்சுமா வெச்சிருக்காங்க? அப்ப எனக்கு இங்க வேலை இல்ல சித்தி.”

“ஒரே ஒரு வார்த்தை பேசிட்டுப் போ.”

“என் பையைக் கொட்டினப்ப என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

மோதிரம் கிடைத்துவிட்டது என்று அப்போதே நான் சொல்லியிருக்கலாம். அக்கா சொல்ல வேண்டியதை நாம் முந்திக்கொள்வதா என்று வாயை மூடிக்கொண்டேன். எப்போதும் எனக்கு அப்படித்தான். வண்டிச் சக்கரம் வராண்டாவில் உருண்டு போன சத்தம் அடங்கிய பிறகு, கழுவிய கூடையோடு அக்கா வந்தார்.

மகள் வந்து போனதை நான் மறைக்கவில்லை. அவர் வாசலுக்கு ஓடிப் பார்த்தார். பிறகு கூடையை அதன் இடத்தில் வைத்தார்.

“எப்படி இருக்கா?”

“நல்லா இருக்காக்கா.”

“மடிப்பைப் பார்த்தாளா?”

“பார்த்தா.”

மூன்றாம் நாள் எங்களுக்குப் படகு. அன்று அக்கா படுக்கையைத் தொடவில்லை. கசங்கிய விரிப்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். பத்து மணிக்குக் கதவைத் தட்டியது வேறொரு நடுவயதுப் பெண்.

“நேத்து ஒரு பொண்ணு வந்துச்சே?” என்று அக்கா கேட்டார்.

“அதுவா? இந்த மாடி வேணாம்னு மாத்திக்கிச்சு. என்னான்னு கேட்டா சொல்லல. பாவம், அம்மா இல்லாத பொண்ணு. நானும் வற்புறுத்தல.”

நான் அக்காவைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தேன்.

“ஆமாம், பாவம்” என்றார் அக்கா. குரல் சூப்பர்வைசர் குரலாக இருந்தது. “அது முன்னாடி எங்க ஓட்டல்லதான் வேலை பார்த்துச்சு. நான் அங்க சூப்பர்வைசர். ஒரு மோதிரம் காணாமப் போய், அது மேல அநியாயமா சந்தேகப்பட்டுட்டேன். மோதிரம் குளியலறைச் சல்லடையில கிடைச்சுடுச்சு. தப்பு என்னோடதுதான்னு சொன்னேன்னு சொல்லிடறீங்களா?”

“சொல்றேம்மா. இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“இல்ல இல்ல. சும்மா, லீவுக்கு வந்தோம்” என்றார் அக்கா.