ராசாங்கம் சீட்டைப் பார்க்காமல் கட்டினார்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு, கையில் இரண்டு ராஜாவை வைத்துக்கொண்டு, "நான் வரலை" என்று சீட்டைக் கவிழ்த்துவிட்டேன்.

சீட்டு விளையாடுகிற வாசகர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆளுக்கு மூன்று சீட்டு போடுகிற ஆட்டத்தில் ஜோடி ராஜா நல்ல கை. அதுவும் எதிராளி தன் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால்? ஓடுகிறவனை ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

நான் முப்பத்துநாலு வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன். நிகழ்தகவு என் பாடம். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்... ஆனால் ஒப்புக்கொள்வது என்று உட்கார்ந்துவிட்ட பிறகு பாதி என்ன, முழுசு என்ன?

எதிராளி என் சகலை ராசாங்கம். என் மனைவி சரோஜாவின் தங்கை கமலாவைக் கட்டியவர். உசிலம்பட்டியில் உரக்கடை வைத்திருந்து, இப்போது மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறு பஸ் பிடித்து, வில்லாபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். சாப்பாடு முடிந்ததும் சீட்டு. பணம் வைக்க மாட்டோம். ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. மொத்தக் கொட்டையையும் விட்டவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு முக்குக் கடைக்குப் போய் டீ வாங்கி வர வேண்டும்.

எட்டு வருடமாக டீ வாங்கி வந்தவர் ராசாங்கம்.

அதற்குக் காரணம் என் தியரி. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும், இதே பக்கத்தில் மார் தட்டி எழுதியிருக்கிறேன். எதிராளி எவ்வளவு முரடன் என்று முதலில் அளந்துகொள். முரடனிடம் பொறு. பயந்தவனை விரட்டு. அவ்வளவுதான்.

கோரிப்பாளையத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கூட்டிக் கூட்டிக் கட்டுவார். அவரிடம் நான் பூனை. நல்ல சீட்டு வரும்வரை கவிழ்த்துக்கொண்டே இருப்பேன். வந்துவிட்டால் வாயைத் திறக்காமல் அவர் கட்டுவதற்கெல்லாம் ஈடு கட்டுவேன். அவரே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்.

ராசாங்கத்திடம் நான் புலி. அவர் நல்ல சீட்டு இருந்தால்தான் கட்டுவார். அதுவும் ரெண்டு கொட்டை. நான் இருபது கொட்டையை நடுவில் தள்ளினால், "எனக்கு வேணாம்ணே" என்று கவிழ்த்துவிடுவார். என் கையில் இருப்பது ஒன்றுக்கும் ஆகாத ரெண்டு, அஞ்சு, ஒன்பது! சரி, இருபதுக்கும் அசையாமல் அவர் திருப்பிக் கட்டினால்? நான் உடனே ஓடிவிடுவேன். பயந்தவன் கட்டுகிறான் என்றால் கையில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

இதைச் சீட்டோடு நிறுத்தியிருந்தால் இந்த வாரம் வேறு எதையாவது எழுதியிருப்பேன். நான் நிறுத்தவில்லை. பிரின்சிபாலிடம் பூனை, அட்டெண்டரிடம் புலி. கத்துகிற ஆட்டோக்காரரிடம் கேட்டதைக் கொடுப்பேன். அமைதியான கீரைக்காரம்மாவிடம் குரலை உயர்த்துவேன். யார் திருப்பிப் பேச மாட்டார்கள் என்று பார்த்துப் பார்த்து வீரம் காட்டியிருக்கிறேன்.

அப்படித்தான் கமலாவிடமும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்கள் பேரனுக்குக் காதுகுத்து. கிடா விருந்து. சமையல்காரர் கடைசி நேரத்தில் வராமல் போக, கமலாவே அண்டா முன்னால் நின்று சமைத்தார். கறி கொஞ்சம் வேகவில்லை. கொஞ்சம்தான். நான் முதல் பந்தியில் உட்கார்ந்து, ஒரு துண்டை விரலில் பிடித்து இழுத்துக் காட்டி, "கமலா, இத வச்சு டயருக்குப் பஞ்சர் ஒட்டலாம்" என்றேன். பந்தியே சிரித்தது. எனக்கு ஏக குஷி. இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அந்தத் தெருவில் அன்று முதல் அந்த வீட்டுக்குப் பெயர் பஞ்சர் கறி வீடு. பார்சல் கொண்டுவருகிற பையன்கூட அப்படித்தான் வழி கேட்பானாம்.

கமலா ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. எங்கள் வீட்டுப் படி ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டார். சரோஜாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார். அக்காவும் தங்கையும் மூன்று வருடமாக போனில்தான் வாழ்கிறார்கள். நான்? "இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவாங்க" என்று சொல்லிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறுக்கு வருகிறேன்.

ராசாங்கத்திடம் நாற்பது கொட்டைதான் மிச்சம். அவர்தான் சீட்டைக் கலைத்துப் போட்டார். நான் எடுத்துப் பார்த்தேன்: ராஜா, ராஜா, ஏழு. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பத்துக் கொட்டையைத் தள்ளினேன்.

அவர் தன் சீட்டைத் தொடவில்லை. நாற்பது கொட்டையையும் இரண்டு கையாலும் கூட்டி நடுவில் தள்ளினார்.

"என்ன சகல, சீட்டப் பாக்கலையா?"

"வேணாம்ணே."

"தெரிஞ்சுதான் கட்டுறீகளா?"

"தெரிஞ்சுதாண்ணே. மேல ஒண்ணும் வைக்கிறேன். நான் தோத்தா, சாகுற வரைக்கும் டீ நான்தான் வாங்கியாருவேன். நீங்க தோத்தா, நாளைக்கு உசிலம்பட்டி வரணும். கமலாட்ட மன்னிப்புக் கேக்கணும்."

பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சரோஜாவின் கை நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. கீரையைத்தான் பார்த்தாள்.

நான் கணக்குப் போட்டேன். பார்க்காத மூன்று சீட்டு என் ஜோடி ராஜாவை ஜெயிப்பது அபூர்வம். இதைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஆனால்... கட்டுவது ராசாங்கம். ராசாங்கம் கட்டினால் ஓட வேண்டும். எட்டு வருடத்து அனுபவம் அது. பயந்தவன் பார்க்காமலே எல்லாவற்றையும் கட்டினால் அவனை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? கலைத்துப் போட்டவர் வேறு அவர்தானே — அடிச்சீட்டு கண்ணில் பட்டிருக்குமோ? ஏன் இவ்வளவு நிதானமாகக் காதைக் குடைகிறார்?

"என்னண்ணே, வாரீகளா, இல்லையா?"

"நான் வரலை."

மனம் திருந்தித்தான் கவிழ்த்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் நீங்கள் நம்பியும் விடுவீர்கள். அது பொய். பயந்துபோய்க் கவிழ்த்தேன்.

ராசாங்கம் அப்போதுதான் தன் சீட்டைத் திருப்பினார். மூணு, ஆறு, ஜாக்கி. ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாத மூன்று சீட்டு. சரோஜா எட்டி என் சீட்டையும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, ரெண்டு ராசாவ வச்சுக்கிட்டா ஓடுனீக? இதத்தான் காலேசுல சொல்லிக் குடுத்தீகளா?"

எனக்குத் தாங்கவில்லை. "எந்தத் தைரியத்துல சகல பாக்காமக் கட்டுனீக?"

"பாத்தா எனக்குப் பயம் வந்துரும்ணே. அதான் பாக்கல."

"நான் வந்திருந்தா?"

"வர மாட்டீகண்ணே. எட்டு வருசமா நான் ஒரு தடவகூடப் பொய்யாக் கட்டுனதில்ல. ஒரே ஒரு தடவ கட்டுனா நம்பாம எங்க போவீக? ஓடுனாலும் தோத்ததுதாண்ணே, நாளைக்கு வந்துருங்க."

யோசித்துப் பாருங்கள். நான் எட்டு வருடம் அவரை அளந்தேன். எதிரில் உட்கார்ந்திருக்கிறவரும் சும்மா இருந்த நேரமெல்லாம் என்னை அளந்துகொண்டிருப்பார் என்பது என் தியரியில் இல்லை. கவிழ்த்துக்கொண்டே இருப்பவர்கள் எல்லோரும் பயந்தவர்களும் இல்லை. சிலர், இந்த ஆட்டம் அவ்வளவு முக்கியமில்லை என்று நினைப்பவர்கள். முக்கியமான ஆட்டம் வரும்போது நாம் மாட்டுவோம்.

மறுநாள் காலையில் சரோஜா எனக்கு முன்னால் ரெடியாகி வாசலில் நின்றாள். பஸ்ஸில் நான் நாலு விதமாக மன்னிப்பை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் 'உளவியல்' என்ற வார்த்தைகூட வந்தது.

கமலா அடுப்படியில் இருந்தார். நான் அதன் நிலைப்படியில் நின்று, மெதுவாக, "கமலா, அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றேன்.

கமலா திரும்பிப் பார்த்தார். "சீட்டுல தோத்துட்டுத்தான மச்சான் வந்தீக?"

"ஆமா" என்றேன்.

"அன்னைக்கு எங்க உக்காந்து சொன்னீக?"

"பந்தியில."

"எம்புட்டுப் பேருக்குக் கேட்டுச்சு?"

"...எல்லாருக்கும்."

"இப்ப அடுப்படியில வந்து எனக்கு மட்டும் கிசுகிசுன்னா எப்படி? தெருவுக்குப் போங்க."

ராசாங்கத்தைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்தார். சரோஜாவைப் பார்த்தேன். அவள் வாசல் கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.

போனேன். தெரு நடுவில் நின்றேன். ஒரு ஆடு மட்டும் என்னைப் பார்த்தது. "கமலா வச்ச கறி நல்ல கறி! நான் பேசினதுதான் தப்பு!" என்று, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் கத்தினேன்.

எதிர்வீட்டு அம்மா ஜன்னலில் தலையை நீட்டினார். "யாரு கமலா அது, மைக் இல்லாமப் பேசுறது?"

"எங்கக்கா வீட்டுக்காரரு. பஞ்சர்னு பேரு வச்சாருல்ல, அவரு."

"அந்த வாத்தியாரா? என்னவாம்?"

"தப்புங்கிறாரு."

"எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொருக்கச் சொல்லச் சொல்லு!"

சொன்னேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே வந்துவிட்டார். அவருக்காக மூன்றாவது தடவை. அவர் நுரையைத் துப்பிவிட்டு, "நல்ல கறின்னா, இன்னைக்கு வச்சிருக்காகளா?" என்று கேட்டார்.

கமலா இடுப்பில் கை வைத்து நின்று தெருவை ஒரு சுற்றுப் பார்த்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "வச்சாப் போச்சு! எல்லாரும் வாங்க. இந்தாங்க, கறிக்கடைக்குப் போயிட்டு வாங்க" என்று ராசாங்கத்தை விரட்டினார். சரோஜா ஏற்கனவே உள்ளே வெங்காயம் உரிக்க உட்கார்ந்திருந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

கறி பஞ்சாக வெந்திருந்ததாகச் சொன்னார்கள். பதினோரு பேர் சாப்பிட்டார்கள். என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். என் இலைக்கு வாளி வந்தபோது அதில் குழம்பு மட்டும்தான் இருந்தது.

எழுபத்தோரு வயதில் முதல் முறையாக, ஒரு விருந்தில் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தேன்.