கருப்பி விட்ட பெருமூச்சு

இன்று காலை ஒரகடம் பெட்ரோல் பங்க்கில் நின்றுகொண்டு அழுதுவிட்டேன். (பெட்ரோல் விலைக்காக இல்லை.)

எனக்கு முன்னால் ஒரு பழைய சீமைக் கார் நின்றது. கறுப்பு நிறம், உருண்டை பானட். அதன் சொந்தக்காரர் பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினார்.

'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தைக் கடைசியாகக் கேட்டபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒரு கார் இருந்தது. பெயர் கருப்பி. அப்பா அதைக் கல்யாண வாடகைக்கு ஓட்டினார். ஸ்ரீபெரும்புதூரில் தாலி கட்டிய பெண் மாப்பிள்ளையை வாலாஜாபாத் பக்கம் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் கருப்பிதான். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கார்க்காரர் வீடு என்றே பெயர்.

வண்டிக்கு வயதாகியிருந்தது. பெட்ரோல் முள் செத்துப்போய் வருடக்கணக்காகிவிட்டது. மூடியைத் திறந்து ஒரு சவுக்குக் குச்சியை விட்டுத்தான் அப்பா அளவு பார்ப்பார்.

வைப்பர் இன்ஜின் உறிஞ்சும் காற்றில் ஆடுகிற வகை என்று அப்பா விளக்குவார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வைப்பர் படுத்துவிடும், காலை எடுத்தால் எழுந்து ஆடும். (மழையில் அப்பா மெதுவாகப் போனதற்குக் காரணம் பொறுமை இல்லை, வைப்பர்.)

ஒரு கோடையில் கருப்பி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், பிறகு இருமும், நின்றுவிடும்.

"பெட்ரோலு சூட்டுல ஆவியாய்க்கினு கீது. பம்ப்பு ஆவியத்தான் இழுக்குது. குளிர்ந்தா சரியாப்பூடும்" என்பார் அப்பா.

பானட்டைத் திறந்து பம்ப் மேல் ஈரத்துணி போடுவார். காத்திருக்கும் நேரத்தில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறப்பார். 'உஸ்ஸ்ஸ்.'

"பாரு, எப்டி பெருமூச்சு வுடுறா" என்று சிரிப்பார். பிறகு சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். ஈரத்துணிதான் காப்பாற்றியது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

ஐப்பசி மழையிலும் கருப்பி நின்றது. பின்சீட்டில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும். நான் பெண்ணுக்குத் துணையாக முன்சீட்டில். கொட்டுகிற மழையில் அப்பா பம்ப் மேல் ஈரத்துணி போட்டார். டேங்க்கில் தண்ணீர் இறங்கிவிடும் என்று மூடியை மட்டும் திறக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

பின்னால் வந்த வேனிலிருந்து மாப்பிள்ளையின் மாமா இறங்கி வந்தார்.

"இன்னா டிரைவரே, தாலியில மஞ்ச ஈரம் கூட காயல, அதுக்குள்ள நடுரோட்ல நிறுத்திட்டியே. ராசி கெட்ட வண்டிய எதுக்குபா கல்யாணத்துக்கு எட்தாந்த?"

பெண்ணையும் மாப்பிள்ளையையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா பம்ப்பை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அப்போதும் நின்றது. கல்யாண வாடகை ஒன்றொன்றாக நின்று போயிற்று. கடைசியில் கருப்பியைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டு, ரைஸ்மில் லாரி ஓட்டப் போனார்.

"உன்ன கருப்பிலதான் மாமியா வூட்டுக்கு அனுப்புவேன்" என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார். நான் வாடகை வேனில் போனேன். அப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு அவர் யாருடைய கல்யாணத்துக்கும் வண்டி ஓட்டவில்லை.

இன்று அந்தச் சொந்தக்காரரிடம் போய்க் கேட்டேன். "சார், இது ஏன் இப்படிப் பெருமூச்சு விடுது?"

"மூடி நடுவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கும் மேடம். பெட்ரோல் கொறைய கொறைய அது வழியா காத்து உள்ள போகணும். நான் பாலிஷ் போட்டதுல அடைச்சிக்கிச்சு. காத்து போகலைன்னா டேங்க் உள்ளயே உறிஞ்சிகினு பெட்ரோலை விடாது. வண்டி நின்னுடும். மூடியத் தொறந்தா காத்து போயிடும், திரும்ப ஓடும்."

ஒரு குண்டூசியால் குத்தினார். வேலை முடிந்தது.

ஒரு குண்டூசி. வைப்பர் காற்றில் ஆடுவதை அத்தனை அழகாக விளக்கிய அப்பாவுக்கு டேங்க்குக்கும் காற்று வேண்டும் என்று தோன்றவில்லையே. அவர் இருந்தால் இப்போதே போய்ச் சொல்லியிருப்பேன். வண்டி ராசி கெட்டதில்லை, நீங்களும் இல்லை என்று.

ஆனால் எங்கள் வீட்டில் யாரும் பாலிஷ் போட்டதில்லையே?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு போன் செய்தேன். கருப்பி ஞாபகம் வந்தது என்று மட்டும் சொன்னேன். அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"உங்கப்பாவுக்கு அது மேல உசுரு கண்ணு. நான் இன்னா கொற வெச்சேன் அதுக்கு? வெள்ளிக்கெழம தவறாம ஸ்டீரிங்கு, பானட்டு, பெட்ரோல் மூடி, எல்லாத்துக்கும் சந்தனத்த கொழகொழன்னு கொழைச்சி நடுவுல பெரிய பொட்டா வெப்பேன். காஞ்சிது மேலயே திரும்ப வெப்பேன். அப்டியும் அந்த வண்டி நம்மள கைவுட்ருச்சே."

மூடி நடுவில், என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"ஆமாம்மா. பழைய வண்டி, அதுக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லி போனை வைத்தேன்.

அம்மா இணையத்தில் இந்தப் பக்கமெல்லாம் வருவதில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து யாரும் அவருக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.