அண்ணன் கேட்ட ஒரு வரி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. கிணத்துக்கடவில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் சின்ன வயதிலேயே குடும்பம் அவர் தலையில் விழுந்தது. தினமும் உக்கடத்துக்கு பஸ் ஏறி வந்து கட்டட வேலை பார்த்தார். மேஸ்திரியானார், பிறகு கோவையில் சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுத்து வீடுகள் கட்டித் தந்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். இதெல்லாம் நீங்கள் அறிந்தது. அறியாத ஒன்றைச் சொல்லத்தான் அண்ணியிடம் கெஞ்சி இந்த நினைவு மலரில் ஒரு பக்கத்தை வாங்கினேன்.

எந்த சைட்டுக்குப் போனாலும் அண்ணன் கையில் ஒரு நீள நோட்டு இருக்கும். வீடு பாதி எழும்பிய பிறகுதானே நமக்குப் புதுப்புது ஆசை வரும்? ஜன்னலைத் தள்ளி வை, படியைத் திருப்பு என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் முகம் சுளித்ததில்லை. அதனால் எது பாதிக்கும், எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு நோட்டை நீட்டுவார்.

"ஏனுங்க, என்ன மாத்தோணும்னு உங்க கையால ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. நாளைக்கு நமக்குள்ள மனஸ்தாபம் வரக்கூடாதுங்க."

அந்த ஒரு வரி இல்லாமல் அண்ணன் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த மாட்டார். என் வீட்டில் மட்டும் நகர்த்தினார்.

என் வீட்டுக்காரர் வேலை விஷயமாகச் சத்தியமங்கலத்தில் இருந்த நேரம். வாஸ்து பார்க்க வந்தவர், ஹால் நடுவே நிற்கும் தூண் வாசலுக்கு நேராக இருக்கிறது, ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அண்ணனைக் கூப்பிட்டு அதை எடுக்கச் சொன்னேன்.

"அந்தத் தூணு பீமைத் தாங்குது அம்மணி. இஞ்சினியர் வந்து பார்த்துத்தான் தொடோணும். ஒரு மாசம் தள்ளிப்போகும்."

"கிரகப்பிரவேசப் பத்திரிகை குடுத்தாச்சுங்கண்ணா. நான் யாரு முகத்துல முழிப்பேன்?" என்று அழுதேன். பிடிவாதத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அண்ணன் நோட்டை எடுத்தார். எனக்குச் சுருக்கென்றது.

"கூடப் பொறந்தவகிட்டயே கையெழுத்து வாங்கறீங்களா? அவ்வளவுதானுங்களா நானு?"

அண்ணன் நோட்டை மூடிவிட்டார். இரும்பு கொடுத்துத் தாங்க வைத்து, தனக்குத் தெரிந்த மட்டும் செய்து தூணை எடுத்தார். அப்படி எடுத்தது அவர் தப்புதான். அந்தத் தப்பைச் செய்ய வைத்தவள் நான்.

பால் காய்ச்சி ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. பீம் தொய்ந்து, ஹால் கூரையில் குறுக்காக விரிசல் ஓடியது. முட்டுக் கொடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்தோம். உறவுக்காரர்கள் கூடியிருக்க, என் வீட்டுக்காரர் கேட்டார்: "யாரைக் கேட்டுங்க மச்சான் தூணை எடுத்தீங்க?"

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானாத்தானுங்க மாப்ள எடுத்துப்போட்டேன். தப்பு என்னுதுதானுங்க."

தங்கை வீட்டையே ஒழுங்காகக் கட்டத் தெரியாதவர் என்ற பேச்சு எப்படிப் பரவியது, யார் யார் வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் வெளியே போவதை நிறுத்தினார், பிறகு படுத்தார். ஆஸ்பத்திரியில் தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே இருந்தேன். கடைசி வாரம் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "முட்டு நல்லா நிக்குதா கண்ணு? குழந்தைகளை அந்தப் பக்கம் உடாதே." அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பாவி நான்.

போன மாதம் அண்ணி அந்த நோட்டைக் கொடுத்தார். என் வீட்டுக்கென்று ஒரு பக்கம். மேலே அண்ணன் கையெழுத்தில் "ஹால் தூண்" என்று இருக்கிறது. கீழே வெறுமையாக விட்டிருக்கிறார்.

அண்ணனை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், கடைசிவரை அவரை விட்டுப் போகாத கொத்தனார்களுக்கும், தோள் கொடுத்துச் சுமந்த உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி எங்காவது அண்ணன் பேச்சு வந்தால், இந்தப் பக்கத்தைப் படித்தேன் என்று சொல்லுங்கள். என் வீட்டுக்காரரும் இதை உங்களோடுதான் முதன்முறையாகப் படிக்கிறார்.

அண்ணா, நீங்கள் கேட்ட வரி:

ஹால் தூணை எடுக்கச் சொன்னது நான்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை