போயா நாளில் கொடுத்த குளிசை

விந்தியாவுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். இலவச முகாமுக்கு உதவ முதல்முதலாக வந்திருக்கிறாள், அதுவும் சொந்த ஊர்ப் புத்த விகாரையான பன்சலைக்கே. முகாம் தொடங்குமுன் எல்லாரும் கைகூப்பிப் பஞ்சசீலம் சொன்னபோது, பொய் சொல்லமாட்டேன் என்ற வரியை அவள்தான் எல்லாரையும்விட உரக்கச் சொன்னாள்.

பௌர்ணமிப் போயா நாள். சனத்தில் பாதி வெள்ளை உடுப்பில் இருந்தது. சில் எடுத்தவர்கள், அதாவது சீல நோன்பு ஏற்றவர்கள், உச்சிப்பொழுது தாண்டினால் மறுநாள் விடியும்வரை வாயில் சோறு வைக்கமாட்டார்கள். இது விந்தியாவுக்குத் தெரியாதா? அவளுடைய அம்மாவே மண்டப மூலையில் சில் எடுத்து உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மணிக்கு ஹீன் மெனிகே வெள்ளை உடுப்போடு விந்தியாவின் மருந்து மேசைக்கு வந்தாள். றப்பர் பால் வெட்டுகிறவள், நீரிழிவு என்கிற சீனி வருத்தக்காரி. சாப்பாட்டோடு, சீனியை இறக்கும் குளிசை ஒன்று என்று டாக்டர் றணவக்க துண்டில் எழுதியிருந்தார்.

"இந்தாங்க தண்ணி. என் கண்ணு முன்னாலயே போடுங்க. வீட்டுக்குப் போனா மறந்துருவீங்க."

"இல்ல மகளே, இன்னிக்கு நான்..."

"டாக்டரைவிட உங்களுக்குத் தெரியுமோ? போட்டுட்டுப் போய்ச் சாப்பிடுங்க!"

வெள்ளைக் கோட்டை எதிர்த்துப் பேச மெனிகேக்கு வாய் வரவில்லை. முழுங்கிவிட்டாள். பக்கத்து மாணவர்கள் சிரித்தார்கள். விந்தியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமையைப் பாருங்களேன்!

மாலை உபதேசத்தின் நடுவே மெனிகே வேர்த்து விறுவிறுத்துச் சரிந்தாள். கைகள் வெடவெடவென்று நடுங்கின. டாக்டர் ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தார். இரத்தத்தில் சீனி படுபாதாளத்தில் கிடந்தது. சீனித் தண்ணீருக்குச் சில் தடையில்லை, கரைத்துப் புகட்டினார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் உயிர் போயிருக்கும்.

"சில் எடுத்தவங்களுக்கு இந்த நேரத்துல யாரு குளிசை போட்டுவிட்டது?" என்று டாக்டர் கேட்டார்.

விந்தியா மண்டப மூலையைப் பார்த்தாள். அம்மா வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "நாளைக்குச் சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லித்தான் குடுத்தேன், சார். அவங்களாத்தான் போட்டிருப்பாங்க."

சொல்லிவிட்டாளே, பாவி!

டாக்டர் மெனிகேயிடம் குனிந்தார். "அப்படியா அம்மா?"

மெனிகே விந்தியாவின் முகத்தையே பார்த்தாள். "சார், நான் சில் எடுத்திருக்கேன், பொய் சொல்ல முடியாது. அதனால என்கிட்ட கேக்காதீங்க."

விந்தியாவின் அம்மா தலை குனிந்துகொண்டாள்.

"நான்தான் சார் போட வச்சேன். அவங்க சொல்ல வந்தாங்க, நான் விடல." வெட்கம் விந்தியாவைப் பிடுங்கித் தின்றது. டாக்டர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் எழுந்து போய்விட்டார்.

மெனிகே மெல்ல எழுந்து உட்கார்ந்து, குளிசைப் பையை நீட்டினாள். வேறு யாரிடமும் இல்லை, விந்தியாவிடமே.

"நாளைக்குக் காலையில சோறு தின்னுட்டுப் போடலாந்தானே, மகளே?"

"டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன் அம்மா" என்றாள் விந்தியா, நிமிர்ந்து பார்க்க முடியாமல்.