நாலே நாலு வித்தியாசம்

1. கம்பேர்

யமுனா என்ற ஆராய்ச்சி மாணவி எங்கள் டேட்டா என்ட்ரி கம்பெனிக்கு வந்த ஏழாவது வாரம் கம்பேர் ஓட்டினோம். பன்னிரண்டு புத்தகத்துக்கும் சேர்த்து நாலே நாலு வித்தியாசம். சூப்பர்வைசர் சேகர் திரையைத் தட்டிக் காட்டினார்.

"பாத்துக்க மேடம். அம்பத்தூர் எஸ்டேட்ல எவன்னா இப்டி குடுத்துகினு கீறானா?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் தனித்தனியாக டைப் செய்வதுதான் டபுள் கீயிங். இரண்டு ஃபைலையும் கம்ப்யூட்டர் ஒப்பிடும்; அதுதான் கம்பேர். ஒருவர் விட்டதை மற்றவர் ஃபைல் காட்டிக்கொடுக்கும். இருவரும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த முறையே நிற்கிறது. அந்த இருவர் நானும் எஸ்தரும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கோடை விடுமுறையில் எட்டு வாரம் ஆராய்ச்சி செய்ய யமுனாவுக்கு ஃபெல்லோஷிப் கிடைத்திருந்தது. கப்பலேறித் தோட்ட வேலைக்குப் போனவர்களைப் பற்றிய பழைய காலணாப் பாட்டுப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்தச் சொல் யார் வாயில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது அவர் திட்டம். எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமை பேராசிரியர்கள் முன்னால் பேச வேண்டும். அது சரியாக அமைந்தால்தான் அடுத்த வருஷமும் ஃபெல்லோஷிப் உண்டு.

"அண்ணே, ஆம்பள பாடுற இடமெல்லாம் கப்பல் கப்பல்னு வருது. பொம்பள பாடுற இடத்துல ஒரு தடவகூட வரல. அதத்தான் பேசப்போறேன்" என்றார்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. தலையை ஆட்டினேன்.

2. பென்சில் டிக்

நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். எண்பதுகளில் பூந்தமல்லியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தேன். ஒரு பக்கம் முடிந்ததும் அதன் கீழ் மூலையில் பென்சிலால் டிக் போடுவது அங்கே வந்த பழக்கம். கம்ப்யூட்டருக்கு மாறியும் அதை விடவில்லை.

சனிக்கிழமை, திருப்பிக் கொடுப்பதற்காக, இருபுறமும் எடுத்த என் ஜெராக்ஸ் தாள்களை அடுக்கினேன். இரண்டு தாள் ஓரத்தில் ஒட்டியிருந்தன. பிரித்தேன். உள்ளே இருந்த இரண்டு பக்கத்திலும் டிக் இல்லை. ஒன்றென்று நினைத்துச் சேர்த்துப் புரட்டியிருக்கிறேன். அந்தப் பக்கங்களில் கரையில் நிற்கும் ஒரு பெண் பாடுகிறாள். கப்பல் என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது.

நான் விட்டது புரிந்தது. கம்பேர் ஏன் அதைக் காட்டவில்லை என்பதுதான் புரியவில்லை. எஸ்தரிடம் இருந்தது வேறு செட். அதில் தாள்கள் ஒட்டவில்லை. ஆனாலும் அவள் ஃபைலிலும் அந்தப் பக்கங்கள் இல்லை.

"எஸ்தரு, இந்தப் பக்கத்த நீ அடிக்கலியா?"

"நீ அடிச்சியா?"

"இல்ல."

"அப்புறம் நான் எப்டி அடிப்பேன்?"

எனக்கு விளங்கவில்லை. அவள் சிரித்துவிட்டாள்.

"இன்னாண்ணே, உனக்கே தெரியாதா? ஒவ்வொரு வரியையும் வாயால சொல்லிகினேதான் அடிக்கிற, ரேடியோ கணக்கா. ஜெராக்ஸ் மங்கலா கீது, கண்ணு எரியுது. நீ சொல்றத கேட்டு அடிச்சேன். டக்கு டக்குனு போச்சு."

பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூசுகிறவன் நான். பள்ளியில் எல்லோரும் சேர்ந்து உரக்கப் படித்துப் பழகியதால் வாசிக்கும்போது வாய் தானாக அசையும் போலிருக்கிறது. அச்சகத்து மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஏ.சி. அறையில் கேட்டுவிட்டது. அந்த நாலு வித்தியாசமும்கூட பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் தகடு அடித்த நேரத்தில் வந்தவை என்றாள் எஸ்தர்.

பிறகு அவள் முகம் மாறியது. "சேகர் சார்கிட்ட சொல்லிடாதண்ணே. ஊட்டுக்கு அனுப்பிடுவாரு."

"பக்கத்த விட்டது நானு. நான் பேசிக்கிறேன்" என்றேன்.

3. குடோன்

திங்கட்கிழமை யமுனா வருவதற்கு முன் சேகரிடம் தாளை நீட்டினேன்.

"முடிஞ்ச ஜாப இன்னாத்துக்கு மாமே தோண்டுற? ரெண்டு பக்கத்த அடிச்சு நடுவுல சொருவு. மேடத்துக்கு இன்னா தெரியப்போவுது?"

வேறு நாளாக இருந்தால் சரி என்று உட்கார்ந்திருப்பேன். அன்று பேச வாய் வந்தது.

"அவங்களுக்குத் தெரியாது சார். இன்னும் எத்தினி எடத்துல வுட்டுகீறேன்னு எனக்கும் தெரியாது. எஸ்தர ஒண்ணும் சொல்லாதீங்க, நான் வாயால சொன்னதக் கேட்டுதான் அடிச்சுது, தாளப் பாக்கல. நம்ம கிட்ட இருக்கிறது ரெண்டு ஃபைல் இல்ல, ஒண்ணுதான்."

திரும்பினால் வாசலில் யமுனா. முழுவதும் கேட்டுவிட்டார். தாளை வாங்கி, நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"கப்பல, பொம்பள வாயில வராத வார்த்தைன்னு சொல்லப்போனேன்" என்றார் மெதுவாக. "வெள்ளிக்கிழமைக்குள்ள என்னண்ணே செய்யலாம்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. எல்லாம் சின்னப் புத்தகங்கள், மொத்தம் இருநூறு பக்கம்கூட வராது. எஸ்தர் எல்லாவற்றையும் மறுபடி அடிக்கட்டும், பேப்பர் குடோனில், கதவைச் சாத்திக்கொண்டு.

"வித்தியாசம் நெறைய வந்தா கம்பெனி மானம் போவும் மேடம்" என்றார் சேகர்.

"வரட்டும் சார். நாலுன்னு வந்தப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்."

எஸ்தர் மூன்று நாள் அடித்தாள். கம்பேர் ஓட்டியபோது வித்தியாசம் பக்கம் பக்கமாக ஓடியது. பாதி என்னுடையது, வரி தாண்டியது மட்டும் ஒன்பது இடம். வியாழக்கிழமை நான், எஸ்தர், யமுனா மூவரும் ஒவ்வொன்றாகத் தாளோடு வைத்துத் தீர்த்தோம். சேகர் திட்டிக்கொண்டே டீ வாங்கி வந்தார். எஸ்தரை யாரும் அனுப்பவில்லை.

அடுத்த வாரம் யமுனா வந்தார். "பன்னிரண்டு புத்தகத்துல ஒரே ஒரு பொம்பளதான் கப்பல்னு சொல்றா, அவ மட்டும் ஏன் சொல்றான்னு பேசினேன். அடுத்த வருஷமும் குடுத்துட்டாங்கண்ணே!"

அதிலிருந்து டபுள் கீயிங் வேலை வந்தால் குடோன் எனக்கு. பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் வாய்விட்டுப் படித்துக்கொண்டே அடிப்பேன். எஸ்தர் கதவைத் தட்டி, "ரேடியோ அண்ணே, டீ" என்பாள்.

இப்போது நான் கம்பேர் பார்க்கும் சீட்டில் இருக்கிறேன். வித்தியாசம் நிறைய வந்தால் உட்கார்ந்து தீர்க்கிறேன். வித்தியாசமே இல்லை என்று யாராவது கைதட்டினால்தான் எழுந்துபோய், அந்த இரண்டு பேரும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.