ஆலத்தூர் நாட்டு பஸ்ஸுக்கு ஒரு ரேக்

"காலைல கதவத் தொறந்து உக்காந்து, சாயந்தரம் சாத்திட்டு வர்றதுக்கு எதுக்குக் கண்ணு இத்தன வருசப் படிப்பு? அதுக்கு ஒரு நல்ல பூட்டு போதுமே."

நூலக அறிவியலில் நான் பட்டம் வாங்கிய அன்று என் மாமா இப்படிச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பு என்ன வேலையாக மாறும் என்பதை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? இப்போது கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு கிளை நூலகத்துக்கு நான் நூலகர். பெயர்ப்பலகைக்குக் கீழே 'நூலகர்: கோமதி' என்று பெயிண்ட் வாங்கி நானே எழுதி வைத்திருக்கிறேன்.

வாசல் கதவைத் திறந்தால் எதிரே மலைதான். ஆனாலும் நூலக விஷயமாக அந்த மலையில் முதல்முறை ஏறியது போன மாதம்தான்.

காரணம் ஒரு பயிற்சி. சென்னையில் நூலகர்களுக்கு ஐந்து நாள் வகுப்பு. நூல் பட்டியலைக் கணினியில் ஏற்றுவது, இணையவழி விண்ணப்பங்களில் வாசகருக்கு உதவுவது, சிறுவர்களுக்கு வாசிப்பு நிகழ்ச்சி நடத்துவது என்று பாடங்கள். எங்கள் பகுதிக்கு ஒரே ஓர் இடம். அது மலைமேல் வாழவந்தி நாட்டில் இருக்கும் கிளை நூலகர் செல்வராணிக்குக் கிடைத்தது. 'நாடு' என்றால் எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதி. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு அடுத்த பெயர் என்னுடையது.

எனக்கு அந்த இடம் வேண்டும். ஆனால் கிடைத்ததை ஒருவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்ற கேள்வி தூங்கவிடவில்லை. ஒருநாள் விடுப்பு போட்டேன். நூலகத்தை எங்கள் பகுதிநேரப் பணியாளரிடம் விட்டுவிட்டு, காளப்பநாயக்கன்பட்டியில் காலை ஏழரை மணி பேருந்தைப் பிடித்தேன்.

காரவள்ளி வரை சமதளம். இருபுறமும் பாக்கு, தென்னை, நடுநடுவே மரவள்ளிக் காடுகள். காரவள்ளியில் ஓட்டுநர் இறங்கி டயர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார். அதன்பிறகு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவிலேயே நான் கண்களை மூடிக்கொண்டேன்.

"கண்ண மூடாதீங்க சாமி, மூடுனாத்தான் கொமட்டும்" என்றார் பக்கத்து இருக்கை அம்மா. மடியிலிருந்த பையைத் துழாவி ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். "மோந்துட்டே வாங்க. எந்த ஊருக்குப் போறீங்க?"

"லைப்ரரிக்குங்க."

நடத்துநர் திரும்பிப் பார்த்தார். "லைப்ரரிக்கா? அப்ப நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நாங்களே நிறுத்துவோம். முன்னெல்லாம் அது டீக்கட ஸ்டாப்பு. இப்ப லைப்ரரி ஸ்டாப்புனு பேராயிப்போச்சு. டீக்கடக்காரருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்."

நூலகத்தின் பெயரில் ஒரு பேருந்து நிறுத்தம்! எங்கள் ஊரில் நூலகத்துக்கு வழி கேட்டால் 'உரக்கடைக்குப் பின்னால' என்பார்கள். மலை ஏறஏறக் காற்று குளிர்ந்தது. மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருந்தது. பலாமரங்களில் அடியிலிருந்தே காய்கள் தொங்கின. எலுமிச்சம்பழத்தை மறந்து வேடிக்கை பார்த்தேன்.

பத்து மணிக்குச் சற்று முன்பு இறங்கினேன். ஒரே கூடம், ஓட்டுக்கூரை, வாசலில் செருப்புகள். எதிரே தேநீர்க்கடை. அங்கே தேநீர் பன்னிரண்டு ரூபாய், அடிவாரத்தைவிட இரண்டு ரூபாய் கூடுதல். இஞ்சி தட்டிப் போடுகிறார்கள், கொடுக்கலாம்.

செல்வராணி என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வேகமாகப் பேசுகிறார், அதைவிட வேகமாக நடக்கிறார். நான் போனபோது ஒரு பெண்ணுக்குக் காவலர் தேர்வு விண்ணப்பத்தைத் தன் கைப்பேசியிலேயே நிரப்பிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் வருமாம். இருவரும் ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டவைத்து நின்றார்கள். முடிந்ததும் என்னிடம் திரும்பினார். "வா கண்ணு, கீழ இருந்து வாரேன்னு சொன்னது நீதான? பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கத பொஸ்தகம் குடுத்துட்டு ஓடியாந்துர்றேன். கொஞ்சம் பாத்துக்க." ஒரு பெட்டிப் புத்தகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தனியாக ஒரு நூலகத்தில் இன்னொரு நூலகரை விட்டுவிட்டுப் போனால் அவர் என்ன செய்வார்? புத்தக அடுக்கைத்தான் பார்ப்பார். நான் பார்த்தேன். பார்த்ததும் பதறிப்போனேன்.

வாசலை ஒட்டி நான்கு ரேக்குகள். முதல் ரேக்கில் மிளகு சாகுபடிக்குப் பக்கத்தில் குழந்தை வளர்ப்பு, அதற்குப் பக்கத்தில் காவலர் தேர்வு வழிகாட்டி, அதை ஒட்டி ஒரு துப்பறியும் நாவல். புத்தக முதுகில் ஒட்டிய, பொருளைக் குறிக்கும் பகுப்பு எண்களுக்கும் அவை நின்ற இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த எண்ணைப் போடத்தானே நான் படித்தேன்? கை சும்மா இருக்கவில்லை. நான்கு ரேக்குகளையும் காலிசெய்து, எண் வரிசைப்படி அடுக்கினேன். வேளாண்மை ஓரிடம், தேர்வு நூல்கள் ஓரிடம், நாவல்கள் ஓரிடம். செல்வராணி வந்தால் மகிழ்வார் என்று நினைத்து, தூசிகூடத் துடைத்தேன்.

அப்போது வெளியே ஹாரன் கேட்டது.

ஆலத்தூர் நாட்டு பஸ். ஓட்டுநர் தேநீருக்கு இறங்க, அவருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இறங்கி ஓடிவந்தார்கள். நேராக முதல் ரேக்குக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

"ஏனுங்க, எம்பட பொஸ்தகம் இந்த மூலைலதான இருக்கும்?" என்று ஒரு பெண் என்னைக் கேட்டார்.

"என்ன புத்தகங்க?"

"பேரெல்லாம் தெரியாதுங்க. போன வாரம் இங்கயே நின்னு கொஞ்சம் படிச்சது. பச்ச அட்ட."

"நீங்க எந்தத் தலைப்புன்னு சொன்னா..."

"தலைப்ப எங்கீங்க பாத்தேன், பஸ்ஸு எடுத்துருவாங்க!"

இன்னொருவர் நான்கு ரேக்குகளிலும் கைவிட்டுப் பார்த்துவிட்டு, "யாரு சாமி இதக் கலச்சுப் போட்டது?" என்றார். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஹாரன். பச்சை அட்டை கேட்ட பெண் வெறுங்கையோடு ஓடிப்போய் ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்த பார்வை, பசிக்கு வந்தவர் காலி இலையைப் பார்ப்பது போல இருந்தது.

ஒரே ஒருவர் மட்டும் பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் வேளாண்மை அடுக்கின் முன்னால் நின்றார். கையில் தேனீ வளர்ப்பு நூல். "இது இத்தன நாளா எங்கீங்க இருந்துது?" என்று கேட்டுக்கொண்டே அதோடு ஓடினார்.

செல்வராணி திரும்பி வந்து ரேக்குகளைப் பார்த்தார். வரிசையாக நின்ற எண்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"படிச்ச புள்ள வந்தா இப்படித்தான் ஆகும்னு நெனச்சேன். நானும் மொதல் வருசம் இப்படித்தான் அடுக்குனேன் கண்ணு. ஒருத்தரும் எறங்கல. பஸ்ஸு நிக்கறது பத்து நிமிசம். அதுல நம்பர் பாத்துத் தேட முடியுமா? அதான் பஸ்ஸுக்கு ஒரு ரேக்கு. மொதல் ரேக்கு ஆலத்தூர் நாட்டு பஸ்ஸு, அடுத்தது தின்னனூர் நாடு. யாரு என்ன படிக்கிறாங்கன்னு பாத்து, அந்த பஸ்ஸு வர்றதுக்குள்ள எடுத்து வெச்சிருவேன்."

எனக்கு முகம் சுட்டது. ஆனால் தேனீ வளர்ப்பு நூலைக் கொண்டுபோனவரைப் பற்றிச் சொன்னேன். "அது எந்த ரேக்குலக்கா இருந்துச்சு?"

"தின்னனூர் ரேக்குல." சொல்லிவிட்டு நின்றார். "அட... ஆலத்தூர்க்காரங்க கண்ணுல அது படவே படாது, இல்ல?"

"படாதுக்கா. நீங்க அவங்க படிக்கிறதத்தான் வெக்கிறீங்க. படிக்கலாம்ங்கிறத வெக்கல."

"கெட்டிக்காரிதான் நீ" என்றார். பாராட்டா, கேலியா என்று தெரியவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து புத்தகங்களைப் பழையபடி பிரித்தோம். ஒவ்வொரு ரேக்கிலும் ஒரு தட்டை மட்டும் அந்த பஸ்காரர்கள் இதுவரை தொடாத புத்தகங்களுக்கு ஒதுக்கினோம். பச்சை அட்டை கிடைத்தது, வீட்டுத் தோட்டம் பற்றிய நூல். அதை முதல் ரேக்கின் மூலையில், முகம் தெரிய நிறுத்தினேன்.

மதியம் சோற்றுக்கு அவர் டிபன்பாக்ஸையே பகிர்ந்துகொண்டோம். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். அப்போதுதான் கேட்டேன், பயிற்சியை ஏன் விட்டார் என்று.

"ஆசயில்லாமயா? இந்த விண்ணப்பமெல்லாம் தடவித் தடவித்தான் கத்துக்கிட்டேன். ஒரு புள்ளைக்குத் தப்பான போட்டோவ ஏத்தி, அது ஊட்டுக்குப் போயி அழுதுச்சு. முறையாக் கத்துக்கணும்னு எனக்குத் தோணாதா? ஆனா மாத்து ஆளு இல்லயே. அஞ்சு நாளு பூட்டிக் கெடந்தா என்னாகும் தெரியுமா? பஸ்ஸுல இருந்து எறங்கி ஓடியாந்து ஒருவாட்டி பூட்டப் பாத்தாங்கன்னா, அடுத்தவாட்டி எறங்க மாட்டாங்க. டீக்கட ஸ்டாப்புதான் மறுபடியும்." டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார், "நீ போயிட்டு வா. வந்து எனக்கும் சொல்லிக்குடு."

மாலை நான்கு மணிப் பேருந்தில் மலையிறங்கினேன். இந்தமுறை கண்ணை மூடவில்லை. பயிற்சி எனக்கென்று கிட்டத்தட்ட உறுதி. சென்னையை நான் பார்த்ததில்லை, ரயிலில்கூட ஏறியதில்லை. வளைவுகளில் வண்டி சாயச்சாய மனசும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகச் சாய்ந்தது. எங்கள் நூலகத்தில் ஒருநாள் நான் இல்லாவிட்டால் பகுதிநேரப் பணியாளர் பார்த்துக்கொள்கிறார். ஐந்து நாளும் பார்த்துக்கொள்வார். மலைமேல் அப்படி ஒருவர் இல்லை. அங்கே தேவைப்படுவது ஓர் ஆள். நான் ஓர் ஆள். காரவள்ளி விளக்குகள் தெரிவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது. சந்தோஷமாக முடிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாளே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன்: பயிற்சிக்குச் செல்வராணி போகட்டும், அந்த ஐந்து நாளும் மலை நூலகப் பொறுப்பை நான் ஏற்கிறேன், அடுத்த முறை என் பெயரைச் சேர்க்க வேண்டும். முதல் இரண்டுக்கும் சரி என்றார்கள். மூன்றாவதற்கு 'பார்க்கலாம்' என்றார்கள். விடமாட்டேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

பையோடு கிளம்பிய என்னைப் பார்த்து மாமா கேட்டார், "எங்க கண்ணு மூட்ட முடிச்சோட?"

"மலைக்குங்க மாமா. அங்க ஒரு நல்ல பூட்டு இருக்குது. ஆனா அதுக்குப் பொஸ்தகம் எடுத்துக் குடுக்கத் தெரியலயாம்."

மாமா சிரித்துக்கொண்டே பையைத் தூக்கி வந்து பேருந்தில் வைத்தார்.

செல்வராணி நேற்று ரயில் ஏறிவிட்டார். இதை அவருடைய மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முதல் ரேக்கின் மூலையில் பச்சை அட்டைப் புத்தகம் நிற்கிறது. ஆலத்தூர் நாட்டு பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது. எழுந்து வாசலுக்குப் போகிறேன்.